மார்கழிக் காப்பு

மார்கழியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய தோட்டம் ஜொகூர் முழுக்கத் தேடினாலும் எங்கள் ஆற்றோரத் தோட்டம் ஒன்றுதான் கிடைக்கும். ஆடியில் கட்டுவார்கள், சித்திரையில் கட்டுவார்கள். மார்கழியில் எவனாவது கட்டுவானா? நாங்கள் கட்டினோம். அதுவும் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரர் சொல்லிக் கட்டினோம்.

அந்த வேதக்காரர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அந்தோனிப்பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர். புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும்தான் துரை அவருக்குக் கொடுத்த வேலை. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. ஐப்பசி பிறந்ததும் காஹாங் டவுனுக்குப் போகிற வழியில் மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்குப் போய்வந்தார். அங்கே எல்லாரும் வீட்டுக் கால்களுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டும் சம்பான் படகுக்குக் கீல் பூசிக்கொண்டும் இருந்தார்களாம். இந்த வருஷம் மழை பொல்லாததாக இருக்கும், ஆறு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் வரும், ஒவ்வொரு குடும்பமும் தயாராக இருக்கவேண்டும் என்று அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார்.

சாயங்காலமானால் குடையும் கையுமாக லயத்து வாசல்தோறும் ஏறி இறங்குவார்.

"தங்கச்சி, தண்ணி வந்தால் முதல்ல எதைத் தூக்குவியள்?"

"என் புருஷனத் தூக்குவேன் ஐயா. கள்ளு குடிச்சவரு அவரா எங்க நடக்கப்போறாரு?" என்றாள் கருப்பாயி அக்கா. அவள் எனக்கு அடுத்த வீடு. லயமே சிரித்தது.

டிரசர் சிரிக்கவில்லை. "அப்ப பிள்ளையளை ஆர் தூக்கிறது?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் இடுப்பில் செல்லம் இருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு முதலில் பிறந்த இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவதுதான் செல்லம். அவளுக்கும் அதற்கு முந்தின வருஷம் அம்மை போட்டிருந்தது. கண் திறக்காமல் வேப்பிலையில் கிடந்தாள். "ஆத்தா, இவள ஒருத்திய விட்டுடு. உன் காப்புக்கு ஒருநாளும் குத்தம் வரவிடமாட்டேன்" என்று கோயில் வாசலில் உருண்டு அழுதேன். ஆத்தா விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை என்னிடம் வளர்கிறதே தவிர ஆத்தாவுக்குச் சொந்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தக் கோயிலுக்குப் பூசாரி என் வீட்டுக்காரர்தான். வீரமுத்து என்று பேர். காலையில் ரப்பர்ப் பால்மரம் வெட்டுவார், மாலையில் மணியடிப்பார், இரண்டுக்கும் நடுவில் என்னோடு சண்டை போடுவார். வாய் மட்டும் ஊருக்கு இரவல் கொடுக்கிற அளவுக்கு இருந்தது.

ஒருநாள் டிரசர் எல்லாரையும் கிணற்றடித் தொட்டிக்கு வரச்சொன்னார். வந்தது நாங்கள் நாலைந்து பெண்கள்தான். கிண்டல் செய்யலாம் என்று என் வீட்டுக்காரரும் வந்து நின்றார். டிரசர் கையில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. ஒன்றில் கழுத்துவரை அரிசி போட்டு மூடித் தொட்டியில் விட்டார். அது அடிக்குப் போய்விட்டது. இன்னொன்றில் அடியில் மட்டும் அரிசி போட்டார். மூடியைச் சுற்றி மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார். தண்ணீரில் விட்டதும் அது சாமர்த்தியமாக நிமிர்ந்து நின்று மிதந்தது.

"பாத்தியளே? அடியில் கொஞ்சம் பாரம், மேல காத்து. வாயை மெழுகால் அடைச்சால் தண்ணி போகாது. அரிசியும் நனையாது. இதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டால் ஆளும் தாழாது."

"நெறகுடம் தளும்பாதுன்னு எங்க ஊருல சொல்வாங்க ஐயா. உங்க ஊருல அரைகுறைதான் மெதக்கும் போலருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். பெண்களெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

டிரசருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "நீங்களும் ஒருக்கால் செய்து பாருங்கோ பூசாரியார்" என்றார். "மாதா கோயில் மெழுகெல்லாம் நமக்கு எதுக்கு ஐயா? மாரியாத்தா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு இவர் நடந்துவிட்டார்.

அடுத்தடுத்த கூட்டங்களுக்கு அந்த நாலைந்து பேரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆண்களெல்லாம் காஹாங் கள்ளுக்கடையில். மற்ற நாளில் உடம்பு வலி. டிரசர் யோசித்தார். ஆடித் திருவிழாவில் காப்புக் கட்டியிருந்தபோது தோட்டமே மாறிப்போனதை அவர் பார்த்திருக்கிறார். குடி இல்லை, அடிதடி இல்லை, மேளம் கேட்டால் குஞ்சு குளுவானோடு எல்லாரும் வந்து நிற்பார்கள். உடனே அய்யாவு கங்காணியைப் பிடித்தார். மழை முடியும்வரை இன்னொரு காப்புக் கட்டினால் என்ன என்று கேட்டார். வெள்ளம் வராமல் இருக்க ஆத்தாவைக் கும்பிடுவதில் என்ன தப்பு என்று கங்காணியும் தலையாட்டினார்.

என் வீட்டுக்காரர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"கட்டுறது லேசு கங்காணி. கட்டுனா கட்டுனதுதான். அவுக்குற நாள் வரைக்கும் ஒரு உசுரு எல்லை தாண்டக்கூடாது. யோசிச்சிக்குங்க."

"அதுதானே வேணும்!" என்று டிரசர் கையைத் தட்டினார். "ஒருத்தரும் கள்ளுக்கடைக்குப் போகாயினம். வெள்ளம் வரேக்குள்ள எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பினம்."

அவருக்கு எல்லை என்றால் கள்ளுக்கடைக்குப் போகாமல் இருப்பது. தண்ணீர் வந்தால் எங்கே போவது என்பதற்கும் அவரிடம் திட்டம் இருந்தது. லயத்துக்கு மேற்கே ஓர் ஓடை. அதன்மேல் மரப்பாலம். பாலத்தைத் தாண்டினால் பேக்டரி மேடு. அது எங்கள் எல்லைக்குள்தான் இருந்தது. ஆகவே எங்களில் ஒருவருக்கும் அது ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை.

"அந்தப் பாலம் பல்லு ஆடுற கெழவன் மாதிரி ஆடுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"துரை திருத்தித் தாறன் எண்டவர்" என்றார் டிரசர்.

இவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து வழக்கம்போலக் குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடித்ததால் நானும் மறந்துவிட்டேன்.

காப்புக் கட்டினோம். பித்தளைக் குடத்தில் ஆற்றுத் தண்ணீரை நிறைய மொண்டு, வாயில் தேங்காய் வைத்து, வேப்பிலையும் பூவும் சுற்றிக் கரகம் ஜோடித்து ஆத்தாவை அதில் இறக்கினார்கள். அவள் அதிலிருந்து எழுந்தருளும் நாள்வரை குடத்தை யாரும் இடம்விட்டுத் தூக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் தோட்டத்தைச் சுற்றிவந்து மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் அறுத்து எல்லை கட்டினார். கிழக்கே எல்லை மதகடிக் கல். கோயில் ஆற்றோரத்தில் இருந்தது. அங்கிருந்து செம்மண் சாலை லயத்தைத் தாண்டி மதகுக்கு வரும். சாலையோடு ஒரு பாரிட் வாய்க்காலும் வரும். கோயில் பக்கம் பாரிட்டில் கொட்டாங்கச்சியை விட்டுவிட்டு, மதகடியில் ஓடிவந்து பிடிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. மதகைத் தாண்டினால் அடுத்த தோட்டக்காரனுடைய மலை. அதன்மேல் காலியான பழைய ஸ்டோர் ஒன்று.

காப்புக் கயிறு மணிக்கட்டில் ஏறியதும் டிரசர் சொன்னதெல்லாம் எங்களுக்கு ஆத்தா சொன்னதாகிவிட்டது. மனுஷன் பாவம், அப்படிச் சந்தோஷப்பட்டார். மேளம் அடித்தால் எல்லாரும் வந்தார்கள். துணியை எப்படி மூட்டை கட்டுவது, தீப்பெட்டியைப் போத்தலில் போட்டு எப்படி அடைப்பது, யார் யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது என்று எல்லாம் காட்டிக்கொடுத்தார். தகரத்தை அடைக்க வீட்டுக்கு ஒரு மெழுகுவத்தி தன் மாதா கோயிலிலிருந்தே கொண்டுவந்து தந்தார். பிறகு வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது என் வீட்டில்தான் மானம் போனது. தகரம் இருக்கிறது, அரிசி இருக்கிறது, மெழுகுவத்தியைக் காணோம்.

நான் வைத்த இடம் எனக்குத் தெரியும். அடுப்புக்குமேல் சட்டத்தில் வைத்திருந்தேன். கருப்பாயி அக்கா வீட்டில் இரண்டு தகரம் அடைத்து வைத்திருந்தாள். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "மாதா கோயில் மெழுகக்கூட விடமாட்டியா?" என்று கேட்டேன். அவள் மண்ணை வாரித் தூற்றினாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு மெழுகுவத்திக்கு இவ்வளவு வாயா?" என்றாரே தவிர எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. டிரசர்தான் வேறொரு பாதி மெழுகுவத்தியைக் கொடுத்து என் தகரத்தை அடைத்தார்.

அதன்பிறகு மழை பிடித்தது. விட்ட பாடில்லை. இரவும் பகலும் தகரக்கூரையில் பறையடித்தது. பால்வெட்டு நின்றது. என் வீட்டுக்காரர் கோயிலிலேயே தங்கிக் கரகத்தைப் பார்த்துக்கொண்டார். சோறு கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொண்டு, "செல்லத்துக்குச் சளி எப்படியிருக்கு?" என்று மட்டும் கேட்பார். அவர் என்னிடம் சண்டை போடாத நாட்கள் அவைதான்.

விடிந்து, வேலைக்குப் போகுமுன் பெரட்டில் நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரம். அன்று மேளம் கேட்டது. நான் கதவைத் திறந்ததும் வாசற்படி இல்லை. தண்ணீர்தான் இருந்தது. நேற்றுவரை மண்ணாக இருந்த இடமெல்லாம் காப்பித்தண்ணியாய் ஓடிக்கொண்டிருந்தது. கோழிக்கூடு ஒன்று கோழியோடு போனது. நான் அப்படியே நின்றுவிட்டேன். வரும் வரும் என்று அத்தனை நாள் சொல்லியும், வந்தபோது என்னால் நம்பமுடியவில்லை.

ஆனால் கை தன்னால் வேலை செய்தது. மூட்டை தலைக்கு, தகரம் இடுப்புக்கு, பிள்ளை தோளுக்கு. வெளியே பார்த்தால் எல்லா வீட்டிலும் அப்படியே. கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. டிரசர் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்துத் தலையாட்டினார். அவர் முகத்தில் ஒரு பெருமை. அவ்வளவு பேரும் வரிசையாகப் பேக்டரி மேட்டுக்குப் போகும் மரப்பாலத்துக்கு நடந்தோம்.

பாலம் இல்லை. இரண்டு முளைக்கட்டைகள் மட்டும் நின்றன. நடுவில் ஓடை ஆறாகிப் பெரிய பெரிய மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது.

"அலமாக்!" என்றார் கங்காணி. பதறிப்போனால் அவருக்கு 'ஐயோ' மலாயில்தான் வரும்.

டிரசர்தான் முதலில் தெளிந்தார். "மதகுப் பக்கம்! அடுத்த தோட்டத்து மலைக்கு! சுறுக்கா வாங்கோ!" என்று கத்தினார். திரும்பினோம். மதகுக்கு வந்தபோது தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. டிரசர் தோளில் கயிற்றுச் சுருளோடு முன்னே போனார். மதகைத் தாண்டி, அந்தப் பக்கத்து மரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை எல்லைக்கல்லுக்குப் பக்கத்து மரத்தில் இறுக்கினார். பிடித்துக்கொண்டு நடந்தால் மலை. எண்ணி இருபது காலடி இருக்குமா? அவ்வளவுதான்.

நாங்கள் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

"வாங்கோ! ஏன் நிக்கிறியள்?"

ஒருவரும் அசையவில்லை. தலையில் மூட்டை, இடுப்பில் தகரம், தோளில் பிள்ளை, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. டிரசர் எங்களைப் பார்த்தார். எல்லைக்கல்லைப் பார்த்தார். அதில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தோலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இது... இது நான் கட்டச்சொன்ன கயிறல்லோ" என்றார். "நீங்கள் தயாராய் இருக்கத்தானே கட்டச்சொன்னனான். நான் சொல்லுறன், அறுத்துப்போட்டு வாங்கோ!" பையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தார். கங்காணி அவர் கையைப் பிடித்து முறுக்கினார். கத்தரி தண்ணீரில் விழுந்தது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உயிர் போகிற நேரத்தில் என்ன கயிறு, என்ன எல்லை என்று மேட்டில் உட்கார்ந்து கேட்பது சுலபம். நான் சொல்கிறேன், அங்கே நின்றவர்களில் உயிருக்குப் பயப்படாதவர் யாருமில்லை. எனக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் ஆத்தா. இரண்டும் கேட்பது ஒரே பிள்ளையை. தண்ணீர் ஒருவேளை வடியும். ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்கு வடியுமா?

டிரசர் சட்டென்று என்னிடம் வந்தார். "பிள்ளையைத் தாங்கோ" என்று செல்லத்தைப் பிடுங்கிக்கொண்டு மதகுக்குத் திரும்பினார். நான் மூட்டையைப் போட்டுவிட்டு அவர்மேல் பாய்ந்தேன். அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. என் பிள்ளையைக் காப்பாற்ற வந்த மனுஷனைக் கடித்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு மறுபடியும் வெள்ளத்தில் நின்றேன். அவர் அழுதார். ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பூசாரி கரகத்தத் தூக்கிட்டு வந்தா போலாம்" என்றாள் கருப்பாயி அக்கா. "ஆத்தா முன்னால போனா நாம பின்னால போறது குத்தமில்ல."

கங்காணி லயத்துச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பாதி தூரம் போனார். அங்கிருந்து கோயில் தெரியும். கூரையும் அதன் கீழே என் வீட்டுக்காரர் தலையும் தெரிந்தன. கங்காணி கத்தியதும் இவர் பதில் கத்தியதும் மழையில் அரைகுறையாக எங்களுக்கும் கேட்டன.

"கரகத்தத் தூக்கிட்டு வா வீரமுத்து!"

"நாளு முடியாம நான் தூக்குனா அது ஆத்தா இல்ல கங்காணி! வெறும் பித்தளை!"

"எல்லாரும் செத்துருவோம்டா!"

"நான் தூக்கமாட்டேன்! அவ வரணும்னா அவளா வருவா! நீ எல்லையில போய் நில்லு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. பெற்ற பிள்ளை இங்கே நிற்கிறது, இவருக்கு நாள் கணக்கு. "அந்தப் பித்தளையவே கட்டிக்கிட்டுக் கெட!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. கேட்டிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அந்த நேரத்தில் எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கங்காணி திரும்பி வந்து சேர்ந்தபோது தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்திருந்தது. செல்லத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். அவள் என் முடியைப் பிடித்துக்கொண்டு, "குளுருதும்மா" என்றாள். யாரோ மாரியம்மன் தாலாட்டைப் பாட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது கருப்பாயி அக்கா அலறினாள்.

"ஆத்தா! ஆத்தா வரா!"

பாரிட் இருந்த தடத்தில் இழுப்பு வேகமாக ஓடியது. அதன் நடுவில், வேப்பிலை சுற்றிய கரகம் வந்துகொண்டிருந்தது. சாயவில்லை, கவிழவில்லை. பூ ஜோடனை இல்லை. தேங்காயும் வேப்பிலையும் மட்டும் நிமிர்ந்து நிற்க, தானாக நடந்து வருவதுபோல வந்தது. தொட்ட கை எதுவும் இல்லை. லயத்தைத் தாண்டி, எங்களைத் தாண்டி, எல்லைக்கல்லில் ஒருமுறை இடித்துச் சுழன்று, மதகுக்குமேல் ஏறி, அந்தப் பக்கம் போய்விட்டது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து முடி நட்டுக்கொண்டது. என் வாழ்நாளில் சாமியைப் பார்த்தேன் என்றால் அந்த ஒரு நொடிதான்.

"எல்ல தாண்டிட்டாடி! ஆத்தாவே தாண்டிட்டா!" என்று கருப்பாயி அக்கா கயிற்றைப் பிடித்துப் பாய்ந்தாள். அவ்வளவுதான். மொத்தத் தோட்டமும் அவள் பின்னால் போனது. கயிற்றைப் பிடித்து, ஒருவர் முடியை ஒருவர் பிடித்து, தகரத்தைக் கட்டிக்கொண்டு, கத்திக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் தாண்டினோம். நடுவில் எனக்குக் கால் எட்டவில்லை. அரிசித் தகரம்தான் என்னையும் பிள்ளையையும் தூக்கிப் பிடித்தது. டிரசர் கடிபட்ட கையாலேயே செல்லத்தை வாங்கி மேட்டில் ஏற்றினார். ஒரு குழந்தைகூடக் குறையவில்லை.

மலையடி மூங்கில் புதரில் கரகம் ஒதுங்கியிருந்தது. ஆண்கள் கிட்டப் போகப் பயந்தார்கள். "பூசாரி சம்சாரம் நீதான் எடுக்கணும்" என்று கங்காணி என்னை அனுப்பினார். டிரசர் மட்டும் வழுக்கிவிடுவேனோ என்று என் பின்னால் இறங்கினார்.

நான் குனிந்து குடத்தை இடுப்பில் வைத்தேன். வைத்ததும் திடுக்கிட்டேன்.

வருஷாவருஷம் அந்தக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறவள் நான். ஆற்றில் நிறைய மொண்டு இடுப்பில் வைத்துக் கரைக்குக் கொண்டுவருகிறவளும் நான்தான். அதன் கனம் என் இடுப்புக்குத் தெரியும். இந்தக் கனம் அதில் கால்வாசி இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. நான் வேப்பிலையை விலக்கினேன்.

தேங்காயைச் சுற்றிக் குடத்தின் வாயெல்லாம் வெள்ளையாக மெழுகு.

டிரசர் தகரத்துக்கு அடைத்துக் காட்டினாரே, அதேபோல. சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்திருந்தது. ஒவ்வோர் அழுத்தத்திலும் ஒரு பக்கம் கோணல். பால்வெட்டும் கத்தி பட்டுக் கோணிப்போன கட்டைவிரல் எங்கள் லயத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

குடத்தை விடாமல் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்புச் சட்டத்திலிருந்து மெழுகுவத்தி எப்போது காணாமல் போனது? பாலம் ஆடுகிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினாரே, அதற்கு அப்புறம். அன்றைக்கே இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. பாலம் போகும், எல்லைக்கல்லில் இவர்கள் நிற்பார்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள், தூக்கி வந்தால் நம்பமாட்டார்கள் என்று எல்லாம் தெரிந்து, ஆத்தாவின் நிறைகுடத்துத் தண்ணீரைத் தன் கையால் கொட்டிக் குறைத்து, கிண்டல் செய்த மெழுகாலேயே அடைத்து, பாரிட்டில் விட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? குழம்பில் உப்பில்லை என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா?

நான் திரும்பிப் பார்த்தேன். மேட்டிலிருந்து கோயில் இருந்த பக்கம் நன்றாகத் தெரிந்தது. கூரை இல்லை. கோயிலும் இல்லை. ஆறு மட்டும் இருந்தது.

டிரசர் குனிந்து மெழுகைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்தார்.

"மிதக்கும் எண்டு நான்தான் காட்டினனான்" என்றார். "பிடிச்சுக்கொண்டால் ஆள் தாழாது எண்டும் சொன்னனான். அவரும் நிண்டு கேட்டவர்தானே. பிடிச்சுக்கொண்டே வந்திருக்கலாம். ஏன் கையை விட்டவர்?"

"பிடிச்சுக்கிட்டு வந்திருந்தா அது வெறும் பித்தளை ஐயா" என்றேன். "நாங்க ஒருத்தரும் வந்திருக்கமாட்டோம்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. வேப்பிலையை இழுத்து மெழுகு தெரியாமல் மூடினேன். முந்தானையைக் கிழித்து அதன்மேல் சுற்றிக் கட்டினேன். "இதப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு கரகத்தை நிறைகுடம்போல இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து மேலே ஏறினேன்.

ஸ்டோருக்குள் நுழைந்ததும் மொத்தச் சனமும் காலில் விழுந்தது. பழைய ரப்பர்ப் பெட்டி ஒன்றின்மேல் குடத்தை வைத்தேன். போத்தலில் காய்ந்திருந்த தீப்பெட்டியைத் திறந்து கங்காணி கற்பூரம் கொளுத்தினார். பார்த்தீர்களா, ஆத்தா யார் கையும் படாமல் நம்மைத் தேடி வந்தாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அழுதார்கள்.

கருப்பாயி அக்கா ஒரு மூலையில் செல்லத்தை மடியில் போட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் கொடுத்த வெல்லத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. என்னோடு பேசி நாளாகிறது என்பதை அவள் மறந்துவிட்டாள்.

"பூசாரி எங்கடி? பின்னால வராரா?" என்று கேட்டாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மெழுகுவத்தி கெடச்சிருச்சு அக்கா" என்றேன். "நீங்க எடுக்கல."